பற்பசை: வேறுபாட்டுக்கு நாம் கொடுக்கும் விலை

பற்பசையை மதிப்பிட்டு எழுதுபவர்கள் வழக்கமாக ஒரு பிராண்டை எடுத்துக்கொண்டு, அதன் சுவையையும் நுரையையும் துலக்கிய பின் பல்லில் தங்கும் வழுவழுப்பையும் சொல்லி மதிப்பெண் போட்டு முடித்துவிடுவார்கள். இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது எந்த ஒரு பிராண்டையும் அல்ல, கடை அலமாரியில் பல தட்டுகளை நிரப்பிக்கொண்டு நிற்கும் பற்பசை என்னும் பண்டத்தை முழுவதுமாகத்தான். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாப் பற்பசைகளும் நன்றாகவே இருக்கின்றன. ஆகவே ‘இது நல்லதா’ என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. பக்கத்தில் இருக்கும் குழாயை விட்டுவிட்டு இந்தக் குழாயை எடுப்பதற்காக நான் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாக எனக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. பொருளியலில் முற்றுரிமைப் போட்டி (பலர் சற்றே வேறுபட்ட பண்டங்களை விற்கும் சந்தை) என்ற தலைப்பின் கீழ் தொண்ணூறு ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டுவரும் கேள்வியும் அதுவே.

முதலில் குழாயின் பின்பக்கத்தைப் படிப்போம். பொடி எழுத்தில் அச்சிட்ட அந்தப் பட்டியலைப் பல பிராண்டுகளில் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரே பாட்டைப் பல ராகங்களில் கேட்பது போல இருக்கும். தேய்த்துச் சுத்தம் செய்ய நீரேற்றிய சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட், பசை உலராமல் இருக்க கிளிசரின் அல்லது சார்பிட்டால், நுரைக்குச் சோடியம் லாரில் சல்பேட், இறுக்கத்துக்கு ஒரு பிசின், இனிப்புக்குப் பெரும்பாலும் சாக்கரின், மணத்துக்குப் புதினா எண்ணெய் வகை, இவற்றோடு ஃப்ளோரைடு. முன்பக்கத்தில் வானவில்லும் மின்னலும் கேடயமும் வரைந்திருக்கும் பெட்டிகளுக்குப் பின்பக்கத்தில் இவ்வளவு ஒற்றுமை இருப்பதை ஒருமுறை கவனித்தவர் அடுத்த முறை முன்பக்கத்தைச் சற்றே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இந்தப் பட்டியலில் பல் சொத்தையைத் தடுப்பது ஃப்ளோரைடு. பல்லைத் தேய்ப்பதனால் மட்டும் சொத்தை குறைகிறது என்பதற்கான சான்று மெலிதானது, 1000 பி.பி.எம். (பத்து இலட்சம் பங்குக்கு 1000 பங்கு) அளவிலோ அதற்கு மேலோ ஃப்ளோரைடு உள்ள பசையால் தேய்த்தால் சொத்தை குறைகிறது என்பதற்கான சான்று வலுவானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் இதையே உறுதிசெய்தது. பெரியவர்களுக்கான பற்பசைகள் பெரும்பாலும் 1000-க்கும் 1500-க்கும் இடைப்பட்ட அளவில்தான் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருளாக விற்கும் பற்பசைக்கு 1500 உச்சவரம்பு. ஆகவே முக்கியமான வேலையைப் பொறுத்தவரை, மலிவான குழாயும் விலை உயர்ந்த குழாயும் ஒன்றுக்கொன்று நல்ல பதிலீட்டுப் பண்டங்களே, அதாவது ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அப்படி ஒப்பிடுவதற்குக் குழாய் நமக்கு எளிதில் உதவுவதில்லை. ஒரு குழாயில் ‘சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் 0.76 சதவீதம்’ என்றும் அடுத்த குழாயில் ‘சோடியம் ஃப்ளோரைடு 0.24 சதவீதம்’ என்றும் போட்டிருக்கும். எண்ணை மட்டும் பார்ப்பவர் முதலாவதில் மூன்று மடங்கு இருக்கிறது என்று நினைப்பார். உண்மையில் முதலாவது ஏறத்தாழ 1000 பி.பி.எம்., இரண்டாவது ஏறத்தாழ 1100 பி.பி.எம்.; ஃப்ளோரின் ஏந்தி வரும் சேர்மம் வேறு என்பதால் எடை வேறுபடுகிறது, அவ்வளவுதான். எந்தச் சேர்மத்தைப் போடுவது என்பதும் பெரும்பாலும் தேய்ப்புப் பொருளைப் பொறுத்தது: சுண்ணாம்பு வகையான கால்சியம் கார்பனேட் இருக்கும் பசையில் சாதாரணச் சோடியம் ஃப்ளோரைடு கால்சியத்தோடு ஒட்டிச் செயலிழந்துவிடும் என்பதால் மோனோஃப்ளோரோபாஸ்பேட்டைப் போடுகிறார்கள். பி.பி.எம். அளவை எல்லாக் குழாய்களிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்தளவில் அச்சிட வேண்டும் என்று விதி இருந்தால் இந்த அலமாரியின் முன் நிற்கும் நேரம் பாதியாகிவிடும்.

பொருளியலாளர்கள் எட்வர்ட் சேம்பர்லின் ஹார்வர்டிலும் ஜோன் ராபின்சன் கேம்பிரிட்ஜிலும் தனித்தனியே எழுதிய நூல்கள் 1933-இல் வெளிவந்தபோது, அதுவரை பாடங்களில் இருந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் பரந்த நிலப்பகுதி ஒன்று இருப்பது தெளிவாகியது. நிறைவுப் போட்டியில் எல்லோரும் ஒரே பண்டத்தை விற்கிறார்கள், விலை யார் கையிலும் இல்லை. முற்றுரிமையில் ஒருவர்தான் விற்கிறார், விலை அவர் கையில். நாம் அன்றாடம் வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவை இரண்டிலும் சேராதவை. விற்பவர்கள் பலர், ஆனால் ஒவ்வொருவரும் தம் பண்டம் மற்றவருடையதிலிருந்து கொஞ்சம் வேறு என்று காட்டுகிறார்கள், அந்தக் கொஞ்ச வேறுபாட்டின் அளவுக்கு ஒவ்வொருவரும் தத்தம் சிறு வட்டத்தில் முற்றுரிமையாளர். விலையை ஓர் அலகு ஏற்றினால் நிறைவுப் போட்டியாளர் தம் வாடிக்கையாளர் எல்லோரையும் இழப்பார். இவரோ சிலரை மட்டுமே இழப்பார். அந்தப் புதினா மணத்துக்குப் பழகியவர்கள், பல் கூச்சத்துக்கு இதுதான் கேட்கும் என்று நம்புபவர்கள், சிவப்புப் பெட்டியைத் தவிர வேறெதையும் கை தொடாதவர்கள் தங்கிவிடுவார்கள். இறுதிநிலைச் செலவுக்கு (கூடுதலாக ஒரு குழாயை ஆக்க ஆகும் செலவுக்கு) மேல் விலை வைக்க முடிவது இவர்களால்தான்.

அந்த மேல்விலை தரும் மிகை இலாபம் நிலைக்காது என்பது கோட்பாட்டின் இரண்டாம் பாதி. சந்தைக்குள் நுழையத் தடை இல்லாததால் இலாபத்தைக் கண்டவர்கள் ஓரளவு ஒத்த பண்டத்தோடு வருவார்கள். ஒவ்வொரு வருகையும் ஏற்கெனவே இருப்பவரின் தேவைக் கோட்டை (எந்த விலையில் எவ்வளவு விற்கும் என்று காட்டும் கோட்டை) சற்று இடப்பக்கம் தள்ளும். கடைசியில் விலை சராசரிச் செலவைத் தொட்டு நிற்கும், தொழிலில் நீடிக்கப் போதுமான இயல்பு இலாபம் மட்டுமே மிஞ்சும். பற்பசையின் வரலாற்றில் இதற்கு ஓரளவு பொருந்தும் அத்தியாயம் ஒன்று உண்டு. இந்தியானா பல்கலைக்கழக ஆய்வின் பயனாக உருவான, ஸ்டானஸ் ஃப்ளோரைடு கலந்த கிரெஸ்ட் பற்பசையை பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் 1956-இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1960-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அதற்குச் சொத்தைத் தடுப்பு அங்கீகாரம் வழங்கியது. அதற்குப் பிறகு விற்பனை விரைவாக ஏறி அது முதலிடத்தைப் பிடித்தது. காப்புரிமையால் அந்தக் கலவையைத் தொட முடியாத போட்டியாளர்கள் வேறு ஃப்ளோரைடு சேர்மங்களோடு வந்தார்கள்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஃப்ளோரைடு என்பது ஒரு பிராண்டின் தனிச்சிறப்பு என்ற நிலையிலிருந்து எல்லோரிடமும் எதிர்பார்க்கும் அடிப்படை என்ற நிலைக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. வேறுபாட்டுக்கான ஓட்டம் உண்மையான நன்மையைத் தந்த தருணம் அது. அதை மறந்துவிட்டு இந்தச் சந்தை முழுவதும் ஏமாற்று என்று எழுதுவது நேர்மையாகாது.

அந்த அத்தியாயத்துக்குப் பிறகு வந்த வேறுபாடுகளை மூன்று வகையாகப் பிரித்து மதிப்பிடுகிறேன். பெட்டியைக் கழற்றி எறிந்த பிறகும் வேறுபாடு மிஞ்சுகிறதா என்பதே என் அளவுகோல்.

மிஞ்சுகிற வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு பல் கூச்சத்துக்கான பசை. 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பசைகள் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பின் உணர்வைத் தணிப்பதன் மூலமும், ஸ்டானஸ் ஃப்ளோரைடு அல்லது அர்ஜினின் உள்ளவை பல்லின் நுண்குழல்களை அடைப்பதன் மூலமும் வேலை செய்கின்றன. கூச்சம் இருப்பவருக்கு இது பணத்துக்குத் தகுந்த பொருள். பொட்டாசியம் நைட்ரேட் வகை ஒரே நாளில் கேட்காது, சில வாரங்கள் விடாமல் துலக்கினால்தான் பலன் தெரியும் என்பதை விளம்பரம் அழுத்திச் சொல்லாது. மூன்றாம் நாளே கைவிட்டு இன்னொரு பிராண்டுக்குத் தாவுபவர் இரண்டு குழாய்க்கும் பணம் கொடுத்துவிட்டுக் கூச்சத்தோடே இருப்பார். கூச்சம் இல்லாதவருக்கோ இந்தக் கூடுதல் விலை வெறும் நன்கொடை.

நிறம் வெளுக்கச் செய்யும் பசைகள் பாதி மிஞ்சுகின்றன. பல்லின் மேல் படிந்த தேநீர், காப்பி, புகையிலைக் கறையைத் தேய்த்து நீக்குவதில் அவை உதவும். பல்லின் இயல்பு நிறத்தை மாற்றுவது தேய்ப்பால் ஆகாது, அதற்குப் பெராக்சைடு போன்ற வேதிப்பொருள் போதிய அளவில், போதிய நேரம் பல்லில் தங்க வேண்டும். கரித்தூள் பசைகளுக்கு என் மதிப்பெண் மிகக் குறைவு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் 2017-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு, இவற்றின் பாதுகாப்புக்கும் பயனுக்கும் போதிய சான்று இல்லை என்று முடித்தது. அவற்றில் சிலவற்றில் ஃப்ளோரைடும் கிடையாது. அதாவது அதிக விலை கொடுத்து முக்கியமான வேலையை விட்டுக்கொடுக்கிறோம். கறுப்பு நிறப் பசை வெள்ளைப் பல்லைத் தரும் என்ற முரண்தான் அங்கே விற்பனையாகிறது. காணொளியில் அது அழகாக இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

சுவை தனி வகை. பொருளியல் பாடம் கற்ற பலர் சுவை, நிறம், மணம் ஆகிய வேறுபாடுகளை அற்பம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடுமையான புதினா எரிச்சலைத் தாங்க முடியாத ஒருவர், மென்மையான மணமுள்ள பசை கிடைத்ததால் இரவிலும் துலக்குகிறார் என்றால் அவருக்கு அது உண்மையான நலன். நுரைப் பொருளான சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு வாய்ப்புண்ணை மோசமாக்குகிறது. அது இல்லாத பசை சந்தையில் இருப்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி. எல்லோருக்கும் ஒரே பசை என்ற அமைப்பு சராசரிச் செலவை எவ்வளவு குறைத்தாலும் இவர்களை வெளியே நிறுத்திவிடும்.

அளவுகோலில் எதுவுமே மிஞ்சாத வகைதான் அலமாரியில் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது. ‘மேம்பட்ட’, ‘தொழில்முறை’, ‘முழுமையான’, ‘இயற்கை’ என்ற அடைமொழிகளை நீக்கிவிட்டுப் பின்பக்கத்தைப் படித்தால் அதே குடும்பத்தின் அண்ணனும் தம்பியும் போன்ற இரு கலவைகள் தென்படும். இதைப் பார்த்துச் சலித்த வாங்குபவர்கள் வேறொரு குறியைத் தேடிப் போய், குழாயின் அடி ஓரத்தில் இருக்கும் சிறு வண்ணக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் முழு இரசாயனம் என்று அலைபேசிகளில் ஆண்டுக்கணக்காகச் சுற்றிவரும் அந்தச் செய்தி முற்றிலும் தவறு. அது குழாயை எந்த இடத்தில் வெட்டி மடித்து ஒட்ட வேண்டும் என்று பொதியும் இயந்திரத்தின் ஒளியுணரிக்குக் காட்டும் குறி. நம்பத்தக்க, ஒரே மாதிரியான தகவலைச் சந்தை தராதபோது வதந்தி அந்த இடத்தை நிரப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

விற்பனைச் செலவுகள் என்று சேம்பர்லின் தனியாகப் பிரித்துக் காட்டியது இந்த இடத்தில் உதவுகிறது. உற்பத்திச் செலவு, இருக்கும் தேவைக்கு ஏற்பப் பண்டத்தை ஆக்குகிறது. விற்பனைச் செலவு, பண்டத்துக்கு ஏற்பத் தேவையை வளைக்கிறது. இரண்டையும் கோடு போட்டுப் பிரிப்பது நடைமுறையில் கடினம் என்றாலும் பற்பசையில் அது ஓரளவு தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெப்சோடென்ட் பற்பசைக்கு விளம்பரம் எழுதிய கிளாட் ஹாப்கின்ஸ், பல்லின் மேல் நாக்கை ஓட்டினால் தட்டுப்படும் படலத்தைப் பகையாகக் காட்டி விற்றார். இலட்சக்கணக்கானோருக்குப் பல் துலக்கும் பழக்கத்தையே அந்த விளம்பரங்கள் ஏற்படுத்த உதவின என்றால் அதில் சமூக நலனும் கலந்திருக்கிறது. மறுபக்கம், 2007-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், ‘80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் கோல்கேட்டைப் பரிந்துரைக்கிறார்கள்’ என்ற சுவரொட்டி வாசகத்தைத் தடுத்தது. கணக்கெடுப்பில் ஒவ்வொரு மருத்துவரும் ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டுகளைச் சொல்ல இடமிருந்தது. போட்டியாளரின் பிராண்டும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பரிந்துரை பெற்றிருந்தது. படிப்பவரோ மீதி இருபது சதவீதம்தான் மற்ற எல்லோருக்கும் என்று எண்ணிக்கொள்வார். எண் பொய்யல்ல, அதிலிருந்து பிறக்கும் எண்ணம்தான் பொய்.

2010-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. தூரிகையின் மேல் அலை போல வளைந்து நிற்கும் பசையின் படத்தை யார் பயன்படுத்தலாம் என்பதற்காக கோல்கேட்-பாமாலிவும், அக்வாஃப்ரெஷ் பிராண்டை அப்போது வைத்திருந்த கிளாக்சோஸ்மித்க்ளைனும் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயின. பின்னர் சமரசம் செய்துகொண்டன. பசையின் உட்பொருளைப் பற்றியதல்ல அந்த வழக்கு. பசை தூரிகையில் எப்படிக் கிடக்கிறது என்ற படத்தைப் பற்றியது. போதாக்குறைக்கு, தூரிகையின் முழு நீளத்துக்கும் அலை அலையாகப் பிழிந்து காட்டும் அந்தப் படம் தேவைக்கு மிக அதிகமான அளவைக் காட்டுகிறது. விளம்பரத்தைப் பார்த்துப் பிழிபவர் குழாயைச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறார். அதில் விற்பவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

அடைமொழிக்கு விலை வைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பற்பசைக்குப் பக்கத்து அலமாரியில், வலி மாத்திரைகளில், தெளிவான வழக்கு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ரெக்கிட் பென்கைசர் நிறுவனம் நியூரோஃபென் என்ற பெயரில் முதுகு வலிக்கு, மாதவிடாய் வலிக்கு, ஒற்றைத் தலைவலிக்கு, இறுக்கத் தலைவலிக்கு என்று நான்கு பெட்டிகளை விற்றது. நான்கிலும் இருந்தது ஒரே மருந்து, ஒரே அளவு: 342 மில்லிகிராம் இபுப்ரோஃபென் லைசின். எந்தப் பெட்டியை எடுத்தாலும் எந்த வலிக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். ஆனால் அந்நிறுவனத்தின் சாதாரண மாத்திரையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலை. 2015-இல் கூட்டாட்சி நீதிமன்றம் இதை நுகர்வோரைத் திசைதிருப்பும் செயல் என்று தீர்ப்பளித்தது. முதலில் 17 இலட்சம் ஆஸ்திரேலிய டாலராக இருந்த அபராதம் 2016 இறுதியில் மேல்முறையீட்டில் 60 இலட்சமாக உயர்ந்தது. பண்ட வேறுபாடு என்ற சொல்லில் ‘பண்ட’ என்ற பகுதியே காணாமல் போன நிலை அது.

விவரம் தெரிந்தவர்கள் இந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பதில்லை என்பதற்கும் அளவெடுத்த சான்று இருக்கிறது. அமெரிக்க வீடுகளின் கொள்முதல் தரவுகளை வைத்துப் புரோனென்பெர்க், துபே, ஜென்ட்ஸ்கோ, ஷப்பீரோ ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தலைவலி மருந்து வாங்கும்போது சராசரி நுகர்வோர் 26 சதவீதத் தருணங்களில் பெரிய பிராண்டைத் தேர்ந்தெடுக்கிறார், மருந்தாளுநரோ 9 சதவீதத் தருணங்களில் மட்டுமே அப்படிச் செய்கிறார் என்று கண்டார்கள். மற்ற நேரங்களில் எல்லாம் கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவான மாத்திரை போதும் என்று விட்டுவிடுகிறார். அந்த இரு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் அறியாமைக்கு நாம் கட்டும் வரி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பற்பசைக்கு அதே எண்களைப் பொருத்த முடியாது, ஏனென்றால் சுவையும் நுரையும் உண்மையாகவே வேறுபடுகின்றன; ஆனால் திசை அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இந்த அலமாரியைப் பாடநூல் எடுத்துக்காட்டாகக் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். பெயர்கள் பல, உடைமையாளர்கள் சிலர். கோல்கேட், எல்மெக்ஸ் ஆகியவை கோல்கேட்-பாமாலிவுக்குச் சொந்தம். ‘இயற்கை’ப் பற்பசைக்குப் பெயர் பெற்ற டாம்ஸ் ஆஃப் மெயின் 2006-இல் அதே நிறுவனத்தின் கைக்கு வந்தது. பெரிய நிறுவனத்தின் பசை வேண்டாம் என்று முடிவெடுத்து அதை வாங்குபவரின் பணமும் பெரிய நிறுவனத்துக்கே போய்ச் சேர்கிறது. சென்சோடைன், பாரோடான்டாக்ஸ், அக்வாஃப்ரெஷ் மூன்றும் ஹேலியோன் என்ற ஒரே வீட்டின் பிள்ளைகள். சேம்பர்லின் கற்பனை செய்த சந்தையில் விற்பவர்கள் மிகப் பலர், ஒருவர் செய்வது இன்னொருவரைத் தனியாகப் பாதிக்காது, புதியவர் வருவதற்குத் தடை இல்லை. இங்கே இருப்பது சில்லோர் முற்றுரிமை, அதாவது சிலரே சந்தையைக் கையில் வைத்திருக்கும் நிலை. முற்றுரிமைப் போட்டியின் ஆடையை அது அணிந்திருக்கிறது.

இது வெறும் வகைப்படுத்தல் சச்சரவு அல்ல. மிகை இலாபத்தைக் கரைக்க வேண்டிய நுழைவு இங்கே சரியாக நடப்பதில்லை. கூச்சத்துக்கு ஒன்று, வெண்மைக்கு ஒன்று, ஈறுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று ஒரே நிறுவனம் இடைவெளிகளை எல்லாம் தன் பிராண்டுகளாலேயே நிரப்பிவிட்டால், புதிதாக வருபவருக்குச் சுவைகளின் வரைபடத்தில் கால் வைக்க இடம் மிஞ்சாது. கடை அலமாரியிலும் மிஞ்சாது. 1972-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் காலை உணவுத் தானிய நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கின் சாரமும் இதுதான். அந்த வழக்கு பத்தாண்டு நீடித்துத் தள்ளுபடியானது. ஆனால் பிராண்டுகளைப் பெருக்குவதே நுழைவைத் தடுக்கும் வேலியாகலாம் என்ற வாதத்தை ரிச்சர்ட் ஷ்மாலென்சீ 1978-இல் முறையான மாதிரியாகவே எழுதிவிட்டார். அலமாரியில் வகைகள் அதிகமாவதைப் போட்டியின் அடையாளம் என்று உடனே வரவேற்க வேண்டியதில்லை.

அப்படியானால் இத்தனை வகை சமூகத்துக்கு நல்லதா, வீணா? பழைய பாடம் உபரித் திறனைச் சுட்டிக்காட்டி வீண் என்று சொல்லும். விலை சராசரிச் செலவைத் தொடும் புள்ளி, சராசரிச் செலவின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு இடப்பக்கம் அமைகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன்னால் மலிவாக ஆக்க முடிந்த அளவைவிடக் குறைவாகவே ஆக்குகிறது. குறைவான வகைகளை அதிக அளவில் ஆக்கினால் ஒவ்வொரு குழாயும் மலிவாகும். சேம்பர்லின் இந்த வாதத்தை அப்படியே ஏற்கவில்லை. மக்கள் வேறுபாட்டை விரும்புகிறார்கள் என்றால், அந்தக் கூடுதல் செலவு வேறுபாட்டை உற்பத்தி செய்யும் செலவு, வீண் அல்ல என்பது அவர் நிலை.

இதில் தீர்ப்பு சொல்லும் கருவியை 1977-இல் பொருளியலாளர்கள் அவினாஷ் தீட்சித்தும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் தந்தார்கள். சந்தை தரும் வகைகளின் எண்ணிக்கை சமூகத்துக்கு உகந்ததைவிட அதிகமாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம் என்பதே அதன் சாரம். எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரண்டு விளைவுகள் அதற்குக் காரணம். புதிய வகை ஒன்று வரும்போது அதை மிகவும் விரும்புபவருக்குக் கிடைக்கும் நுகர்வோர் உபரி (அவர் கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள இடைவெளி) முழுவதும் விற்பவர் கைக்கு வருவதில்லை. ஆகவே, நல்ல வகைகள் சில இலாபம் போதாமல் பிறக்காமலே போகின்றன. மறுபக்கம், புதியவரின் வருவாயில் ஒரு பகுதி புதிதாக உண்டான நலன் அல்ல, பக்கத்துக் குழாயிலிருந்து பறித்த விற்பனை. அதைப் பறிப்பதற்கும் ஒரு தொழிற்சாலை வரிசை, ஒரு பெட்டி வடிவமைப்பு, ஒரு விளம்பரப் படையெடுப்பு என்று உண்மையான செலவு ஆகிறது. வணிகப் பறிப்பு என்னும் இந்த விளைவு ஓங்கும் இடங்களில் வகைகள் தேவைக்கு மேல் பெருகும் என்பதை மான்கியூவும் வின்ஸ்டனும் 1986-இல் விளக்கினார்கள்.

பற்பசைக்கு இதைப் பொருத்தும்போது எனக்கு இரண்டும் ஒரே அலமாரியில் தெரிகின்றன. வெண்மைப் பசையின் இன்னோர் அடைமொழி வந்தால் அது முழுக்கப் பறிப்பு. அது நாளைக்கே மறைந்தாலும் ஒருவர் பல்லும் மோசமாகாது. அதே நேரத்தில், வாய் உலர்வு உள்ள முதியவர்களுக்கு நுரைப் பொருளும் கடும் மணமும் இல்லாத, ஆனால் முழு ஃப்ளோரைடு உள்ள மென்மையான பசை போன்ற வகைகள் பல கடைகளில் தட்டுப்படுவதே அரிது, ஏனென்றால் வாங்குபவர்கள் சிலர். அதிகம் என்ற குறையும் போதவில்லை என்ற குறையும் ஒரே சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம் என்பதை வெறும் எண்ணிக்கை காட்டாது.

இனி வாங்குவது பற்றி. கூச்சமோ ஈறு நோயோ வாய்ப்புண்ணோ இல்லாத பெரியவர், 1000 முதல் 1500 பி.பி.எம். வரை ஃப்ளோரைடு உள்ள குழாய்களில் தம் வாய்க்குப் பிடித்த சுவையில் மிக மலிவானதை எடுத்துக்கொள்ளலாம். கடையின் சொந்தப் பெயரில் வருவதாக இருந்தாலும் தயங்க வேண்டியதில்லை. அதற்கு மேல் பணம் கொடுக்கும் முன், பின்பக்கத்தில் எந்த ஒரு பொருளுக்காக அதைக் கொடுக்கிறோம் என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் பெட்டிக்குத்தான் கொடுக்கிறோம். துலக்கிய பின் துப்பினால் போதும். உடனே வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால், எந்த விலையில் வாங்கிய ஃப்ளோரைடும் தொட்டியோடு போய்விடும்.

குழந்தைகளுக்கான பசையில் கார்ட்டூன் படத்துக்கும் பழச் சுவைக்கும் கூடுதல் விலை இருக்கும். துலக்க மறுக்கும் குழந்தை அதனால் துலக்குகிறது என்றால் கொடுக்கலாம். ஆனால் ஃப்ளோரைடு அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதே படத்தோடு ஃப்ளோரைடே இல்லாத குழாய்களும் வருகின்றன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2014-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி மூன்று வயதுக்குக் கீழே ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. பெட்டியில் இருக்கும் அலையைப் பார்த்துப் பிழியக் கூடாது.

இந்தப் பண்டத்தின் மீது எனக்கு இருக்கும் பெரிய குறை கடைசியாக வருகிறது. பசை பல்லை எவ்வளவு தேய்க்கிறது என்பதற்கு ஆர்.டி.ஏ. என்ற அளவீடு இருக்கிறது. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் 11609 எண் தரம் அதற்கு 250 என்ற உச்சவரம்பையும் வைத்திருக்கிறது. ஈறு இறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியும் ஒருவருக்கு, வெண்மைப் பசைக்கும் மென்மைப் பசைக்கும் நடுவில் தேர்வு செய்ய இந்த ஓர் எண்ணே போதும். உற்பத்தியாளரிடம் அந்த எண் இருக்கிறது. குழாயில் அதைக் காண்பதோ அரிது. எல்லோரும் அதை அச்சிட்டால் இரு குழாய்களை ஒரே கோட்டில் வைத்து ஒப்பிட முடியும். ஒப்பிட முடிந்தால் தேவை நெகிழும், அதாவது விலையைப் பார்த்து வாங்குபவர் எளிதில் மாறுவார்; நெகிழ்ந்தால் விலை இறங்கும். அச்சிடுவதற்கு ஆகும் மையின் செலவு இதற்குத் தடையாக இருந்திருக்க முடியாது.